வெளியே போனவர் திரும்பி வந்து பந்தைத் தொடலாமா?

சுங்கை சிப்புட்டில் மாலை மழை விட்டதும் தோட்டத்துப் பிள்ளைகள் சிமெண்டுத் திடலுக்கு வந்துவிடுவார்கள். போன வாரம் அங்கே கூடைப்பந்து ஆடிய ஒரு பெண், வெளியே போகவிருந்த பந்தை எகிறி உள்ளே தட்டிவிட்டுக் கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தாள். எழுந்து ஓடிவந்தபோது பந்து அவள் காலடியில்தான் உருண்டது. “வெளிய போய்ட்ட லா! வேற ஆள் தொடட்டும்!” என்று சொந்த அணியே கத்த, அவள் கையை இழுத்துக்கொண்டாள். எதிரணி அதை எடுத்துப்போய்க் கூடையில் போட்டது.

அவர்கள் சொன்னது போன்ற விதி கூடைப்பந்தில் எறிபவருக்கு மட்டும்தான் உண்டு. வெளியே நின்று பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடங்குகிறவர், அதை வேறொருவர் தொடும்வரை திடலுக்குள் தொடக்கூடாது. ஓடிய வேகத்தில் வெளியே போனவருக்கு அந்தத் தடை இல்லை. திரும்பி வந்து அவரே முதலில் எடுக்கலாம். வந்தவரின் இரண்டு காலும் உள்ளே பதியவேண்டும் என்று சிலர் நினைப்பதும் தவறு. ஒரு கால் உள்ளே ஊன்றி, மற்றது அந்தரத்தில் இருந்தாலே போதும். உடம்பின் எந்தப் பகுதியும் கோட்டையோ வெளித்தரையையோ தொட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தரத்தில் இருப்பவரின் இடம், அவர் கடைசியாகத் தரையைத் தொட்ட இடம். உள்ளிருந்து எகிறியவர் கீழே இறங்கும்வரை உள்ளேதான் இருக்கிறார். அதனால்தான் அந்தப் பெண் தட்டியது செல்லும். வெளியே மிதித்த காலோடு அவசரமாக உள்ளே தாவி, கால் பதியும் முன்பே பந்தைத் தொட்டால் பந்து எதிரணிக்கு. பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான்.

கோட்டை மிதித்தாலே வெளியே என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. பூப்பந்தில் கோட்டில் விழுந்த இறகுப்பந்து உள்ளேதான். அதே சிமெண்டில் அதையும் ஆடி வளர்ந்த கண்ணுக்குக் கோடு நம்முடையது போலத் தெரிகிறது. கூடைப்பந்தில் அந்த 5 செ.மீ. கோடு திடலில் சேர்த்தியே இல்லை. ஆனால் பந்து கோட்டுக்கு மேலே காற்றில் போவது மட்டும் வெளியே ஆகாது. அதைப் பார்த்து ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். கோட்டை மிதித்து நிற்கும் எதிரணி ஆட்டக்காரர்மீது உங்கள் தோள் உரசினாலும் நீங்கள் வெளியே இல்லை. பந்து அவர்மேல் பட்டால்தான் வெளியே.

வேண்டுமென்றே வெளியே போய்வருவது வேறு கதை. தன் அணியிடம் பந்து இருக்கையில், எதிரணிக் கூடைக்கு அடியிலுள்ள கட்டத்துக்குள் ஒருவர் தொடர்ந்து 3 விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. அந்த எண்ணிக்கைக்குத் தப்பக் கூடைக்குப் பின்னாலுள்ள இறுதிக்கோட்டைத் தாண்டி, சுற்றி வந்து மறுபடி அதே கட்டத்துக்குள் நுழைந்தால், அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி அது 3 விநாடி மீறல்தான்.

நேற்று அந்தப் பெண்ணைக் கோட்டோரம் நிறுத்தி இதைச் செய்து காட்டினேன். வலது காலை உள்ளே ஊன்றிப் பந்தை எடுத்துப் பார்த்தாள். “அப்ப அன்னிக்கு எடுத்திருக்கலாமாண்ணே?” என்றாள்.

எடுத்திருக்கலாம்மா.