மாமியார் அறை ஹீட்டரின் கணக்கு

கோத்தகிரியில் டிசம்பர் மாதம் மாமியாரின் அறையில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்துவிட்டுப் போனதும் அட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது நான். அதனால்தான் இந்தக் கணக்கைப் படித்துக்கொண்டேன்.

எங்கள் ஹீட்டரில் இரண்டு ராடு. பின்புறம் 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருக்கிறது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் கரண்ட், 8.7 ஆம்பியர். வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஏறத்தாழ 26.4 ஓம்.

இதை மீட்டரிலும் பார்க்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஹீட்டரின் சுவிட்சுகளை மட்டும் போட்டு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, எர்த் அல்லாத இரண்டு பின்களில் தொடுங்கள். 26-ஐ ஒட்டி வந்தால் சரி. 53-ஐ ஒட்டி வந்தால் ஒரு ராடு போய்விட்டது. இரண்டும் பக்க இணைப்பில் (கரண்ட் ஒவ்வொன்றுக்கும் தனி வழியில் போகும் இணைப்பு) இருப்பதால், ஒன்று போனால் மின்தடை இரட்டிப்பாகும். (குண்டு பல்பில் இந்த வித்தை பலிக்காது. எரியாதபோது அதன் மின்தடை கணக்கில் வருவதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.)

1000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். இரண்டு ராடும் இரவில் ஐந்து மணி நேரம் எரிந்தால் பத்து யூனிட். இலவச 100 யூனிட் பத்தே இரவில் கரைந்துவிடும்.

"சூடே வரவில்லை, கெட்டுப்போச்சு" என்று மாமியார் சொன்ன ஒரு மாலை, மல்டிமீட்டர் சாக்கெட்டில் 190 வோல்ட் காட்டியது. ராடின் மின்தடை மாறவில்லை. வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி மின்தடையால் வகுத்தால் வாட்: 190-ஐ 190-ஆல் பெருக்கி 26.4-ஆல் வகுத்தால் 1367 வாட்தான். வோல்ட்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைய, சூடு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கெட்டது ஹீட்டர் இல்லை.

ஆனால் ஒருமுறை எக்ஸ்டென்ஷன் பெட்டியே உருகிவிட்டது. அங்கேயும் இதே மாதிரி கணக்குதான்: கரண்டைக் கரண்டாலேயே பெருக்கி, மின்தடையாலும் பெருக்கினால் அந்த இடத்தில் சூடாகும் வாட். பின் தளர்ந்து அரை ஓம் தடை வந்தாலே போதும், 8.7-ஐ 8.7-ஆல் பெருக்கி அதில் பாதி, ஏறத்தாழ 38 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்! இப்போது சுவரில் 16 ஆம்பியர் சாக்கெட் இருக்கிறது. அரை மணி ஓடியதும் அணைத்துவிட்டு, பிளக்கின் பிளாஸ்டிக் உடலைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். சுட்டால் அன்று இரவு மாமியாருக்குக் கம்பளியும் சுடுநீர்ப் பையும்தான்.