உதவித்தொகை வரும்வரை கிரெடிட் கார்டில் கைமாற்று: மாணவர்களுக்குப் படிப்படியாக

தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் மார்ச் 6. எனக்கு வர வேண்டிய உதவித்தொகை ஏப்ரல் நடுவில்தான் வரும். இடையில் இருந்த ஆறு வாரத்தை கிரெடிட் கார்டை வைத்துக் கடந்தேன். பணமும் சொன்ன தேதியில் வந்துவிட்டது. அப்படியிருந்தும் வட்டி கட்டினேன். எங்கே தவறினேன் என்று ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதை, முதல்முறை கார்டு வாங்கியிருக்கும் மாணவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கார்டுக்கு விண்ணப்பிப்பது, அதை இயங்க வைப்பது, செயலியில் நுழைவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: வரப்போகும் பணத்துக்குத் தேதி இருக்கிறதா?

கார்டைக் கைமாற்றுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கைமாற்று என்றால், திருப்பித் தரும் பணம் எங்கிருந்து, எந்த நாளில் வரும் என்று தெரிந்து வாங்குவது. உதவித்தொகை அனுமதியாகிவிட்டது, பகுதி நேர வேலையின் சம்பளம் மாதக் கடைசியில் வரும் என்றால் சரி. "எப்படியாவது புரட்டிவிடலாம்" என்ற நிலை என்றால் கார்டைத் தொடாதீர்கள். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கல்லூரி அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தவணைக்குப் பெரும்பாலும் கார்டு அளவுக்கு வட்டி இருக்காது.

படி 2: இரண்டு தேதிகளைக் கண்டுபிடியுங்கள்

ஒன்று, ஸ்டேட்மென்ட் தேதி: அதுவரையிலான செலவைக் கூட்டிக் கணக்கை முடிக்கும் நாள். இன்னொன்று, பணம் கட்டக் கடைசித் தேதி. என் கார்டில் முதலாவது 5, இரண்டாவது 25.

மார்ச் 6 அன்று கட்டணம் செலுத்தினால் அது ஏப்ரல் 5 ஸ்டேட்மென்ட்டில்தான் வரும். ஏப்ரல் 25க்குள் கட்டினால் போதும். வட்டியில்லாமல் 50 நாள் கிடைக்கிறது. அதே செலவை ஏப்ரல் 4 அன்று செய்திருந்தால், மறுநாளே ஸ்டேட்மென்ட். கட்டக் கிடைப்பது 21 நாள்தான். ஆகவே ஓரிரு நாள் பொறுக்க முடியும் என்றால், ஸ்டேட்மென்ட் தேதி தாண்டிய மறுநாள் செலவு செய்யுங்கள். முந்தைய பில்லில் பாக்கி ஏதும் இல்லாதபோதுதான் இந்தச் சலுகை நாட்கள் கிடைக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

இதற்கென்று இருக்கும் நினைவூட்டல் செயலிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேசைக்கு எதிரே ஒரு தாள் நாட்காட்டி மாட்டி, 5ஐ நீலத்திலும் 22ஐச் சிவப்பிலும் வட்டமிட்டிருக்கிறேன். 25ஐ வட்டமிடாததற்குக் காரணம், இடையில் விடுமுறை வந்தால் பணம் போய்ச் சேர ஓரிரு நாள் ஆகலாம்.

படி 3: ஏ.டி.எம். பக்கம் போகாதீர்கள்

கார்டில் ரொக்கம் எடுத்தால், பொதுவாகச் சலுகை நாட்கள் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்; எடுப்பதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. கட்டணத்தைக் கார்டிலேயே நேரடியாகக் கட்ட வழியில்லை என்றால், இந்த முறை உங்களுக்கு உதவாது.

படி 4: முழுத் தொகையையும் கட்டுங்கள் (நான் வழுக்கிய இடம்)

ஏப்ரல் 5 ஸ்டேட்மென்ட்டில் இரண்டு தொகைகள் இருந்தன: மொத்த பாக்கி, குறைந்தபட்சத் தொகை. குறைந்தபட்சத்தைக் கட்டினால் மீதி அடுத்த மாதத்துக்கு வட்டியில்லாமல் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். கையில் முழுப் பணம் இருந்தும், விடுதிக் கட்டணத்துக்கு இருக்கட்டும் என்று குறைந்தபட்சத்தை மட்டும் கட்டினேன்.

குறைந்தபட்சம் கட்டினால் தாமதக் கட்டணம் மட்டுமே தவிர்க்கப்படும். வட்டி நிற்காது. அதுவும் பல கார்டுகளில் கடைசித் தேதியிலிருந்து இல்லாமல், செலவு செய்த நாளிலிருந்தே கணக்கிடுவார்கள்.

கணக்கு எளிதாக இருக்க, முழு எண்களாக மாற்றிக் காட்டுகிறேன். கட்டணம் 10,000, வட்டி மாதம் 3%, அதாவது ஆண்டுக்கு 36%, குறைந்தபட்சம் 5%, அதாவது 500. அதை ஏப்ரல் 25 அன்று கட்டுகிறீர்கள்.

மார்ச் 6 முதல் ஏப்ரல் 25 வரை 50 நாளைக்கு, 10,000க்கு வட்டி 493.
ஏப்ரல் 25 முதல் மே 5 வரை 10 நாளைக்கு, 9,500க்கு வட்டி 94.
மே 5 ஸ்டேட்மென்ட்டில் பாக்கி: 9,500 + 587 = 10,087.

500 கட்டிய பிறகு, கடன் வாங்கியதைவிட 87 அதிகம்! ஸ்டேட்மென்ட்டில் இதைப் பார்த்தபோது தவறாக அச்சாகிவிட்டது என்றே நினைத்தேன். காகிதத்தில் நாட்களை எண்ணி, பெருக்கி, 365ஆல் வகுத்துப் பார்த்தபோதுதான் சரியென்று தெரிந்தது. நீங்களும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். இணையத்தில் இருக்கும் வட்டிக் கணிப்பான்களைவிட இதுதான் மனத்தில் நிற்கும்.

மாதம் 3% என்பது காதுக்குச் சிறியதாகப் படும். கட்டாமல் விட்டு வட்டிக்கு வட்டி சேர்ந்தால், ஓராண்டில் 42%ஐத் தாண்டிவிடும்.

இன்னும் ஒன்று. பாக்கி இருக்கும்போது வாங்கும் புதிய பொருளுக்கும் சலுகை நாட்கள் போய்விடும். அந்த மாதம் வாங்கிய ஒரு பாடப்புத்தகத்துக்குக்கூட முதல் நாளிலிருந்தே எனக்கு வட்டி விழுந்தது. பாக்கி தீரும்வரை கார்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

படி 5: ஆட்டோ டெபிட்

வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்கும்படி ஏற்பாடு செய்யும்போது "மொத்த பாக்கி", "குறைந்தபட்சம்" என்று இரண்டு வாய்ப்புகள் இருக்கும். எது தேர்வாகியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். உதவித்தொகை வந்த அன்றே, கார்டுக்கான பணத்தை வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றி, ஆட்டோ டெபிட்டை அந்தக் கணக்கோடு இணைத்துவிடுவது என் பழக்கம். கண்ணில் படாத பணம் செலவாவதில்லை.

முழுவதும் கட்ட முடியாமல் போனால்?

கடைசித் தேதிக்கு முன்பே வங்கியை அழைத்து, பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரக் கேளுங்கள். வட்டி பெரும்பாலும் குறையும். ஆனால் செயலாக்கக் கட்டணத்தையும் சேர்த்து, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கேட்ட பிறகே சம்மதியுங்கள். அதுவும் இயலாவிட்டால், குறைந்தபட்சத்தையாவது தேதி தவறாமல் கட்டி, கையில் பணம் வரவர மீதியைச் செலுத்துங்கள். வட்டி நாள் கணக்கில் ஓடுவதால், மாதக் கடைசிவரை காத்திருக்காமல் இன்று கட்டும் சிறு தொகையும் வட்டியைக் குறைக்கும்.

பிற்சேர்க்கை 1: "மே மாதம் முழுத் தொகையையும் கட்டிவிட்டேன், ஜூனில் மறுபடி வட்டி வந்திருக்கிறதே" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். எனக்கும் வந்தது. ஸ்டேட்மென்ட் வந்த மே 5 முதல் நீங்கள் பணம் கட்டிய மே 25 வரையிலான 20 நாள் வட்டி அது. மேலே உள்ள கணக்கில் ஏறக்குறைய 190 வரும். பயப்பட வேண்டாம், ஆனால் சிறு தொகைதானே என்று விட்டுவிடவும் கூடாது. அதையும் கட்டினால்தான் கணக்கு தீரும். ஸ்டேட்மென்ட் வந்தவுடனே கட்டியிருந்தால் இது இன்னும் குறைந்திருக்கும்.

பிற்சேர்க்கை 2: வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்து, அந்தப் பணம் கார்டுக்கே திரும்பி வந்ததால் பில் கட்டாமல் இருந்துவிட்டதாக இன்னொருவர் எழுதியிருந்தார். தாமதக் கட்டணம் விழுந்திருக்கிறது. ஸ்டேட்மென்ட்டுக்குப் பிறகு திரும்பி வரும் பணத்தைச் சில கார்டுகளில் நீங்கள் கட்டிய பணமாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ஸ்டேட்மென்ட்டில் உள்ள தொகையை அப்படியே கட்டிவிடுங்கள். அப்படியானால் திரும்பி வந்த பணம் அடுத்த பில்லில் கழிந்துவிடும்.