மட்டம் பார்க்க மீன்தொட்டி டியூப்

எங்கள் பழைய வீட்டில் தரை ஒரு பக்கம் சரிவு. எதிரெதிர்ச் சுவர்களில் ஒரே உயரத்தில் பலகை அடிக்க, தரையிலிருந்து அளந்தால் உதவாது. ரசமட்டமோ (குமிழி வைத்து மட்டம் பார்க்கும் கருவி) எதிர்ச்சுவர் வரை எட்டாது.

மீன்தொட்டிக்கு வாங்கிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் மீதம் கிடந்தது. தண்ணீர் நிரப்பி, கண்ணுக்குத் தெரிய இரண்டு சொட்டு நீலம் விட்டேன். இரு முனையும் திறந்திருந்தால், நடுவில் எப்படி வளைந்து கிடந்தாலும் தண்ணீர் இரு பக்கமும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். (கொத்தனார்கள் காலங்காலமாகச் செய்வதுதான்.) உள்ளே காற்றுக் குமிழி மாட்டினால் மட்டம் பொய் சொல்லும், டியூபைத் தட்டித் தட்டி வெளியேற்றுங்கள். தூக்கிப் போகையில் முனைகளைக் கட்டைவிரலால் அடைக்காவிட்டால் சுவரெல்லாம் நீலம்தான். பிறகு முனைகளை இரு சுவர்களிலும் நிமிர்த்திப் பிடித்து விரலை எடுத்து, தண்ணீர் ஆடி அடங்கியதும் அது நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் துளையிடலாம்.