மரயெவுக்கு முதல்முறை போகிறீர்களா? வாசல் முதல் சாப்பாடு வரை

நியூசிலாந்தில் வேலையில் சேர்ந்தவர்களுக்கும், பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்தவர்களுக்கும் என்றாவது ஒரு நாள் அந்த மின்னஞ்சல் வந்துவிடும்: மரயெவில் போஃபிரி, எல்லோரும் வரவும். மரயெ என்பது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களில் ஒரு குலத்தாரின் பொது இடம். முன்னால் திறந்த முற்றம், அதை ஒட்டி முன்னோர் இல்லம், பக்கத்தில் சாப்பாட்டுக்கூடம். வெளியாரை அங்கே முறைப்படி வரவேற்கும் சடங்குதான் போஃபிரி.

நான் தேடியபோது கிடைத்த குறிப்புகள் எல்லாம் "மரியாதையாக நடந்துகொள்ளுங்கள்" என்பதோடு நின்றுவிட்டன. காணிக்கைக் கவரை யார் கையில் கொடுப்பது, வணக்கத்தின்போது மூக்கை எப்படி வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. அதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அழைப்பில் மிஹி ஃபகத்தௌ என்று இருந்தால் அது சுருக்கமான வரவேற்பு. அலுவலகத்துக்குள்ளேயே முடிந்துவிடும், கீழே உள்ளதில் பாதி தேவைப்படாது. போஃபிரி என்று இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

1. உச்சரிப்பு

இதில் நமக்கு யோகம். மாவோரி மொழியில் குறில் ஐந்து, நெடில் ஐந்து. எ–ஏ, ஒ–ஓ வேறுபாடும் நம்மைப் போலவே உண்டு. ஆங்கில எழுத்தில் உயிரெழுத்தின் தலையில் கோடு இருந்தால் நெடில், இல்லாவிட்டால் குறில். இந்தப் பதிவில் 'மரயெ' என்று குறிலில் முடித்திருப்பதும் அதனால்தான். மூக்கோடு மூக்கு வைக்கும் வணக்கத்துக்குப் பெயர் ஹொஙி. 'ஹொங்கி' என்று 'க' வரக் கூடாது. 'அங்ஙனம்' என்று சொல்லும்போது வரும் ங-தான் அது.

ஒலியைக் கேட்டுப் பழக தெ அக என்ற இணைய மாவோரி அகராதி போதும். மொழிபெயர்ப்புச் செயலிகளை நான் நம்புவதில்லை. முழு வாக்கியம் கொடுத்தால் எதையாவது ஒட்டித் தந்துவிடும். சொல்ல வேண்டியதைத் தமிழ் எழுத்தில் ஒரு சின்ன அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். பேசும்போது கைப்பேசியை எடுத்துப் பார்ப்பது அங்கே நன்றாக இருக்காது.

2. பெப்பெஹ: உங்களை அறிமுகப்படுத்துவது

அதிகம் குழப்புவது இந்தப் படிதான். பெப்பெஹ என்பது பெயரில் தொடங்குவதில்லை. என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் வந்த படகு இது, என் குலம் இது என்று சொல்லிக் கடைசியில்தான் பெயர் வரும். இணையத்தில் கிடைக்கும் படிவங்களில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வார்கள். ஆக்லாந்தில் குடியிருக்கிறோமே என்று அங்குள்ள மலையான மௌஙகியெகியெவை எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். அந்த வாக்கிய அமைப்பில் சொன்னால் "நான் அந்த மலையின் வழிவந்தவன்" என்றுதான் பொருள்படும். பல மாவோரி ஆசிரியர்கள் இதை வேண்டாம் என்கிறார்கள். நமக்குச் சொந்த மலையும் ஆறும் இருக்கும்போது இரவல் எதற்கு?

திருநெல்வேலிக்காரனான நான் சொல்வது இவ்வளவுதான்:

தேனா கோத்தோ கத்தொவ. (எல்லோருக்கும் வணக்கம்.)
கொ பொதிகை தெ மௌங. (மலை பொதிகை.)
கொ தாமிரபரணி தெ அவ. (ஆறு தாமிரபரணி.)
நோ திருநெல்வேலி அஹௌ. (ஊர் திருநெல்வேலி.)
கெய் தாமகி மகௌரௌ தோக்கு காயிங. (இப்போது வீடு ஆக்லாந்தில்.)
இதற்கு அடுத்து, கொ என்று தொடங்கி, உங்கள் பெயர், பிறகு தோக்கு இஙொவ. (என் பெயர் இது.)

படகு வரியை விட்டுவிடலாம். விமான நிறுவனத்தின் பெயரைச் சொல்லிச் சிரிக்க வைப்பவர்கள் உண்டு. அந்தப் படகுகளில்தான் தங்கள் முன்னோர் பசிபிக்கைக் கடந்து வந்தார்கள் என்று சொல்பவர்கள் முன்னால் எனக்கு அந்த நகைச்சுவை பிடிப்பதில்லை.

சேர்க்கை: தஞ்சாவூர் வாசகர் ஒருவர், "எங்கள் ஊரில் மலையே இல்லையே, என்ன சொல்ல?" என்று கேட்டிருந்தார். ஆற்றை மட்டும் சொல்லுங்கள், காவிரி போதாதா? இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். பள்ளியில் மாவோரி மொழி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரிடம் கேட்பதுதான் சரி. வளர்ந்த இடத்தைச் சொல்ல வேறு வாக்கியம் இருக்கிறது.

3. குழுவாகச் செய்ய வேண்டியவை

வாசலுக்கு வெளியே முடித்துவிட வேண்டியவை மூன்று. உங்கள் தரப்பில் யார் பேசுவது? மாவோரி மொழியில் பேசத் தெரிந்த ஒருவரை முன்பே ஏற்பாடு செய்யுங்கள். அவர் பேசி முடித்ததும் எல்லோரும் எழுந்து என்ன பாடுவது? புதியவர்களுக்கு நான் சொல்வது 'தெ அரொஹ' என்ற பாட்டு. நாலே வரி, மெதுவான மெட்டு. மனப்பாடம் ஆகாதவர்கள் வாயை மட்டும் அசைத்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும், அதனால் ஒரு மாலை உட்கார்ந்து பழகிவிடுங்கள்.

மூன்றாவது கொஹ, அதாவது காணிக்கை. மொய் மாதிரிதான், ஆனால் நோட்டும் ஒலிபெருக்கியும் கிடையாது. அந்தக் காலத்தில் உணவும் பாயுமாகக் கொண்டுபோனார்கள், இப்போது பெரும்பாலும் பணம். ஆளுக்கு ஒரு கவர் வேண்டாம். எல்லோரிடமும் வாங்கி ஒரே வெள்ளைக் கவரில் போட்டு, குழுவின் பெயரை எழுதி, உங்கள் தரப்பில் கடைசியாகப் பேசுபவரிடம் கொடுத்துவிடுங்கள். பேசி முடித்ததும் அவர் அதை முற்றத்தில் தரையில் வைப்பார். வீட்டார் தரப்பில் ஒருவர் வந்து எடுத்துக்கொள்வார். கையில் கொடுப்பது கிடையாது.

4. வாசலிலிருந்து இருக்கை வரை

வாசலில் கூடி நில்லுங்கள், தனியாக உள்ளே நுழையாதீர்கள். தாமதமாக வந்தால் பக்கவாட்டில் நுழையப் பார்க்காமல் அடுத்த குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள். பெரிய விருந்தினர் வந்திருந்தால் ஒரு வீரர் ஈட்டியோடு வந்து சிறு பொருள் ஒன்றைத் தரையில் வைத்துச் சவால் விடுவார். அதை எடுக்க வேண்டியவர் யார் என்று முன்பே முடிவாகியிருக்கும். மற்றவர்கள் அசையாமல் நிற்பதே வேலை.

அப்புறம் உள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் நீளமாக எழும். அதுதான் கரங. அந்த அழைப்பு இல்லாமல் யாரும் நகர்வதில்லை. உங்கள் தரப்புப் பெண் ஒருவர் பதில் குரல் கொடுப்பார். பெண்கள் முன்னால், மெதுவாக, பேச்சில்லாமல் நடக்க வேண்டும். பாதி வழியில் எல்லோரும் நின்று தலை குனிவார்கள். அது இறந்தவர்களை நினைக்கும் நேரம்; என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்க்காதீர்கள்.

உட்காரும்போது முன்வரிசை பேசப்போகும் ஆண்களுக்கு. இது பற்றித்தான் எனக்கு அதிகக் கேள்விகள் வருகின்றன. எதிர்த்தரப்பின் வார்த்தையோ ஆயுதமோ முதலில் பாயும் இடம் அது, அதனால்தான் ஆண்கள் முன்னால் என்பது சொல்லப்படும் காரணம். எல்லோரும் இதை ஏற்பதில்லை. 1998-இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஹெலன் கிளார்க் வைத்தஙி என்ற ஊரில் உள்ள மரயெவில் பேசத் தடுக்கப்பட்டது பெரிய செய்தியானது. 2018-இல் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் அதே வைத்தஙியில் நடந்த வரவேற்பில் பேசினார். கிழக்குக் கரையின் ஙாத்தி பொரோ மக்களிடம் பெண்கள் எழுந்து பேசும் வழக்கம் முன்பிருந்தே உண்டு. ஒவ்வொரு மரயெவுக்கும் தனி நடைமுறை, அந்த வீட்டார் சொல்வதுதான் சட்டம். பேச்சு வரிசையும் அப்படித்தான்: சில இடங்களில் வீட்டார் எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் விருந்தினர் முறை, சில இடங்களில் மாறி மாறி.

5. ஹொஙி

வீட்டார் வரிசையாக நிற்பார்கள், நீங்கள் ஒவ்வொருவராக நகர வேண்டும். வலது கையால் கைகுலுக்குங்கள், இடது கை அவர் தோளில் இருக்கலாம். கண்ணைத் தாழ்த்தி மெல்ல முன்னால் சாயுங்கள். நெற்றியும் மூக்கும் ஒருசேரத் தொடும். இடிக்கவோ தேய்க்கவோ கூடாது. அப்படியே ஒரு மூச்சு. ஒரு முறையா, இரண்டு முறையா என்பது குலத்துக்குக் குலம் மாறும், அவர் தலை விலகும்போது நீங்களும் விலகுங்கள். தானெ என்ற தெய்வம் செம்மண்ணால் முதல் பெண்ணை உருவாக்கி, மூக்கில் ஊதி உயிர் கொடுத்த கதைதான் இதற்கு அடிப்படை. அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சடங்கை ஒப்பேற்றுவதில் அர்த்தமில்லை.

கண்ணாடி போட்டவர்கள் வரிசையில் நிற்கும்போதே கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். சளி, காய்ச்சல் என்றால் தயங்காமல் சொல்லிக் கைகுலுக்கலோடு நிறுத்திக்கொள்ளலாம். 2020-இல் கொரோனா வந்தபோது பல குலங்கள் தாங்களாகவே ஹொஙியை நிறுத்திவைத்தன.

6. சாப்பாடும் முன்னோர் இல்லமும்

ஹொஙி முடிந்ததும் சாப்பாட்டுக்கூடம். சடங்கால் உங்கள்மேல் வந்த புனிதக் கட்டு, அதாவது தபு, சாப்பாட்டோடுதான் நீங்கும். பசியில்லை என்று நழுவினால் சடங்கு அரைகுறை. பிரார்த்தனை முடியும்வரை தட்டில் கை வைக்காதீர்கள். சைவக்காரர்கள் ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஹாஙீ என்ற மண்குழி அடுப்பில் இறைச்சியும் கூமர என்ற சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஒன்றாகவே வேகும் என்பதால், கிழங்கைத் தின்றுகொள்ளலாம் என்ற கணக்கு சரிவராது.

முன்னோர் இல்லம் ஒரு மூதாதையின் உடல். கூரைமுகப்பு அவர் தலை, சாய்ந்த பலகைகள் கைகள், நடு உத்தரம் முதுகெலும்பு. உள்ளே செருப்பும் சாப்பாடும் கூடாது. கயிறு கட்டும் ஷூ வேண்டவே வேண்டாம், வாசலில் எல்லோரையும் நிறுத்தி வைப்பீர்கள். தலையணைமேல் உட்காராதீர்கள், படுத்திருப்பவர் காலைத் தாண்டாதீர்கள். தலை தொடும் பொருளும் உடம்பின் கீழ்ப்பகுதி தொடும் பொருளும் சேரக் கூடாது. சாப்பாட்டு மேசைமேல் சாய்ந்து உட்காருவதும் அதே காரணத்தால் கூடாது.

வெல்லிங்டனில் இருப்பவர்கள் தெ பப்ப அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் மரயெவை முதலில் பார்த்துவரலாம். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மதப்பணியாளர் கண்டபோது மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய, தமிழ் எழுத்து பொறித்த அந்த உடைந்த கப்பல் மணியும் அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது.

சேர்க்கை: சாப்பிட்ட பிறகு என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு: சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் துடைக்க உதவுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். துடைத்த துணியை மட்டும் மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கப் போட்டுவிடாதீர்கள். அதற்குத் தனிக் கூடை இருக்கும், கேட்டுப் போடுங்கள்.