சரளைப் பாதைக்குத் தார் போடலாமா? பல வீட்டார் சேர்ந்து முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வீடுகளுக்குப் பொதுவான தனியார் பாதையில் தார் போடுவது பற்றிய பேச்சு, அந்தப் பாதை மிக மோசமாகக் கிடக்கும் நாளில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. மழைக்குப் பிறகு குண்டும் குழியுமாக இருக்கும். எல்லோருக்கும் எரிச்சல். "பேசாமல் தார் போட்டுவிடலாம், தொல்லை விட்டது" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் தலையாட்டுவார்கள். முதல் தவறு இதுதான். பாதை ஏன் கெட்டது என்று பார்க்காமலே மருந்து முடிவாகிவிடுகிறது.

சரளைப் பாதை கெடுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: தண்ணீர் வடிவதில்லை, கொட்டிய சரளை சரியில்லை, அல்லது யாரும் சமன் செய்வதில்லை. இதில் தண்ணீர்தான் தலையாய காரணம். தார் போட்டால் அது தீராது, சில காலம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். அடியில் ஈரம் தங்கினால் மேலே போட்ட தார் விரிசல் விட்டு, துண்டு துண்டாகப் பெயரும். சரளையில் விழுந்த குழியைக் கொஞ்சம் சரளையும் ஒரு மண்வெட்டியும் இருந்தால் சரிசெய்துவிடலாம். தாரில் விழுந்த குழிக்கு அது போதாது.

அதனால் காண்ட்ராக்டரைக் கூப்பிடும் முன், மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடை பிடித்துக்கொண்டு பாதை முழுக்க ஒருமுறை நடந்து பாருங்கள். தண்ணீர் நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் ஓடுகிறதா, அல்லது சக்கரத் தடத்திலேயே நீளவாக்கில் ஓடுகிறதா? சரளைப் பாதையின் நடுப்பகுதி ஓரத்தைவிட ஏறக்குறைய 4 சதவீதம் வாட்டமாக உயர்ந்திருக்க வேண்டும். 4 மீட்டர் அகலப் பாதை என்றால் நடுவுக்கும் ஓரத்துக்கும் 8 சென்டிமீட்டர் வித்தியாசம். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு கயிற்றை மட்டமாக இழுத்துப் பிடித்து, ஓரத்தில் இடைவெளியை அளந்தால் தெரிந்துவிடும். பழைய பாதைகளில் பலவற்றில் இந்த வாட்டமே இருக்காது. இன்னொன்றையும் பாருங்கள்: வண்டிகள் தள்ளிய சரளை ஓரத்தில் குவிந்து, அதன்மேல் புல் முளைத்து, சின்ன வரப்பு போல நிற்கும். பக்கத்திலேயே வாய்க்கால் இருந்தாலும் தண்ணீர் அதில் இறங்க முடியாது. அந்த வரப்பை வெட்டி எடுத்து, பாதைக்கு அடியில் மழைத்தண்ணீர் போகும் குழாய்கள் அடைந்திருந்தால் சுத்தம் செய்து, நடுவை உயர்த்திவிட்டாலே பாதி குழிகள் திரும்ப வராது.

அடுத்து சரளை. உருண்டையான கூழாங்கல்லை எத்தனை லோடு கொட்டினாலும் ஒன்றோடொன்று பிடிக்காது, வண்டி போகப்போக ஓரத்துக்கு உருண்டுவிடும். உடைத்த, முனை உள்ள கல்தான் பிடித்து நிற்கும். அதோடு கொஞ்சம் பொடியும் களிமண் பசையும் வேண்டும். ஈரமான சரளையைக் கைப்பிடி எடுத்து இறுக்கித் திறந்தால், உருண்டை கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும், உள்ளங்கையில் மண் ஒட்ட வேண்டும்.

ஆனால் தாருக்கு அடியில் போடும் கல்லுக்கு இந்தப் பசையே எதிரி. களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடித்தளம் இளகிவிடும். "ஏற்கெனவே சரளை இருக்கிறதே, அதன்மேலேயே போட்டுவிடலாம்" என்று காண்ட்ராக்டர் சொன்னால், அந்தச் சரளை எப்படிப்பட்டது என்று கேளுங்கள். லோடு ஏற்றிய லாரி ஒன்றை மெதுவாக ஓட்டச் சொல்லி, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து தரையைக் கவனியுங்கள். சக்கரம் போகும்போது தரை அமுங்கி, போன பிறகு மேலே எழும்பினால் அந்த இடம் இளக்கமானது. அங்கே தோண்டி எடுத்து நல்ல கல் நிரப்பாமல் தார் போடவே கூடாது. இந்தச் சோதனைக்கு ஒரு காலைப்பொழுது போதும். இதைச் செய்யாமல் பெரிய தொகையைச் செலவழிக்கும் வீட்டார்களை நினைத்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

குறுக்கே வரி வரியாக மேடு விழுந்து வண்டி தடதடப்பதற்கும் தார்தான் வழி என்று நினைப்பார்கள். அந்த வரிகள் பெரும்பாலும் வேகத்தால் வருபவை. 2007இல் வெளியான ஒரு ஆய்வில், மணல் மேல் சாதாரணச் சக்கரம் ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங் எதுவும் இல்லாத சக்கரத்துக்கும் வரிகள் விழுந்தன. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே விழவில்லை. எல்லோரும் மெதுவாக ஓட்ட ஒப்புக்கொண்டால் செலவில்லாமலே பாதித் தொல்லை குறையும். தார் போட்டால் வேகம் கூடத்தான் செய்யும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள், பாதையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றால் கண்டிப்பாக.

நேரம் பார்க்காமல் போடுவது இன்னொரு பெரிய தவறு. யாராவது வீடு கட்டப் போகிறார்களா? தண்ணீர்க் குழாயோ கேபிளோ பாதைக்கு அடியில் போக வேண்டியிருக்கிறதா? எல்லாம் முடிந்த பிறகுதான் தார். அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து ஒரு கணக்கு கிடைத்தது: அச்சுச் சுமை, அதாவது வண்டியின் ஒரு சக்கர அச்சு தாங்கும் எடை, இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் சுமார் 16 மடங்காகும். அந்தக் கணக்குப்படி 8 டன் அச்சுள்ள லாரி ஒருமுறை போவது, 1 டன் அச்சுள்ள கார் 4,000 முறைக்கு மேல் போவதற்குச் சமம். புதுத் தாரின் மேல் கான்கிரீட் லாரி வந்துபோனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அடித்தளம் போட்ட பிறகும் ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். எங்கே அமுங்குகிறது என்று மழையே காட்டிக்கொடுத்துவிடும்.

போட்டால் முழுக்கப் போட வேண்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று பேசுவதும் சரியில்லை. செங்குத்தான ஏற்றம், பெரிய சாலையில் சேரும் முனை, புழுதி நேராக ஜன்னலுக்குள் வரும் இடம், இவற்றுக்கு மட்டும் போடலாம். தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் குழி விழும், அதை மட்டும் அடிக்கடி கவனிக்க வேண்டும். புழுதி மட்டும்தான் பிரச்சினை என்றால் கால்சியம் குளோரைடு தெளிப்பது ஒரு வழி. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தூசியை அடக்கும். செடிகளுக்கும் வண்டியின் இரும்புக்கும் ஆகாது என்பதால் அளவு முக்கியம்.

தார் போட்டால் பராமரிப்பே இல்லை என்ற நம்பிக்கையில்தான் பலரும் பணம் தருகிறார்கள். நன்றாகப் போட்ட தார் 15, 20 ஆண்டு வரும்தான், ஆனால் விரிசல்களை அவ்வப்போது அடைத்தால்தான். சரளைக்குச் சின்னச் செலவு அடிக்கடி வரும். தாருக்குப் பெரிய செலவு எப்போதாவது, ஒரே அடியாக வரும். அதற்கு ஆண்டுதோறும் கொஞ்சம் சேர்த்து வைக்காத வீட்டார், அந்த நாளில் என்ன செய்வார்கள்? அமெரிக்காவில் பல உள்ளாட்சிகளே பராமரிக்கப் பணம் போதாமல் தார்ச் சாலைகளைப் பெயர்த்துச் சரளையாக்கியிருக்கின்றன.

பங்கு பிரிப்பதில்தான் உறவே கெடும். முனையில் இருக்கும் வீட்டுக்காரர் பாதையின் தொடக்கத்தை மட்டும் பயன்படுத்துகிறார், கடைசி வீட்டுக்காரர் முழுப் பாதையையும். சமமாகப் பிரிப்பதா, தூரத்தை வைத்தா, வண்டிகளை வைத்தா என்பது விலை கேட்கும் முன்பே முடிவாக வேண்டும். பாதை யார் பெயரில் இருக்கிறது, மற்றவர்களுக்கு நடக்க மட்டும் உரிமையா, தரையை மாற்றவும் உரிமையா என்று பத்திரத்தைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேளுங்கள். முடிவை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாளை வீடு கைமாறும்போது வாய்ப்பேச்சு நிற்காது. அப்புறம், வேண்டாம் என்று சொல்பவரைக் கஞ்சன் என்று ஒதுக்காதீர்கள். சரளையில் கொஞ்சம் தண்ணீராவது உள்ளே இறங்கும். தாரில் ஏறக்குறைய முழுவதும் ஓரத்துக்குத்தான் ஓடும். தாழ்வான பக்கத்தில் இருப்பவர் அந்தத் தண்ணீர் தன் வாசலுக்கு வரும் என்று பயந்தால், அந்தப் பயம் நியாயமானது. வாய்க்கால் எங்கே போய் முடியும் என்று அவரோடு சேர்ந்து நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு போடுவது என்று தீர்மானித்தால், கொட்டேஷனில் தாரின் தடிமன் ரோலர் ஓட்டிய பிறகு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கொட்டும்போது இருக்கும் தடிமன் ரோலரில் நன்றாகவே குறையும். மெல்லியதாகப் போட்டால் கலவை சீக்கிரம் ஆறிவிடும். 80 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் இறுகாது. வேலை நடக்கும் நாளில் வீட்டாரில் ஒருவராவது பக்கத்தில் நிற்பது நல்லது.