ஊட்டிக் குளிருக்கு பிக்கப் வண்டியில் ஸ்டீல் கேபின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாமக்கல், கரூர் பக்கம் பாடி கட்டும் பட்டறைகளில் கைவேலை பிரமாதமாக இருக்கும். ஆனால் அங்கே எதிரி வெயில். நீலகிரியில் எதிரி ஈரம். பிக்கப் வண்டியின் பின்புறத்தைப் படுக்கை, அலமாரி, அடுப்புத் திட்டு என்று மாற்றுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதல் தவறு, வெளித் தகரத்துக்குப் பின்னால் குளிரைத் தடுக்கும் இன்சுலேஷன் ஒன்றும் வைக்காமல் உள் ஷீட்டை அடித்துவிடுவது. 2,200 மீட்டர் உயரத்தில் இரவுக் குளிரில் தகரம் சில்லிட்டுப் போகும். உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சுக்காற்றும் கொதிக்கும் டீயின் ஆவியும் அதில் பட்டு நீராக வழியும். அந்த நீர் இரண்டு ஷீட்டுக்கும் நடுவே தேங்கினால் துரு வெளியே தெரிவதற்குள் உள்ளே பாதி தின்றிருக்கும். இன்சுலேஷனுக்குக் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வைத்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரைல் ரப்பர் ஃபோம் ஷீட்டை இடைவெளி இல்லாமல் ஒட்டுவது மேல். ஸ்கொயர் பைப் சட்டம் இரண்டு ஷீட்டையும் நேராகத் தொட்டால் அந்தக் கோட்டில் மட்டும் வேர்க்கும், அங்கே ரப்பர் பட்டை வையுங்கள். பைப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டையும் வேண்டும், உள்ளே போன நீர் வடிய.

வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே இன்சுலேஷன். வரிசை மாறினால் ஃபோம் தீப்பிடிக்கும். வெல்டு வைத்த இடத்தின் மறுபக்கத்தில் ப்ரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) கருகிப்போயிருக்கும். அதைத் தேய்த்து மறுபடி அடிக்காமல் மூடுவதை நிறைய பேர் கவனிப்பதே இல்லை. வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். இல்லாவிட்டால் இன்ஜின் கம்ப்யூட்டர் பலியாகலாம்.

அடுத்தது எடை. 8-க்கு 4 அடி இரும்பு ஷீட் 1.6 மில்லிமீட்டர் என்றால் சுமார் 37 கிலோ, 1 மில்லிமீட்டர் என்றால் 23. எட்டு ஷீட்டில் நூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம். ஊட்டி-மசினகுடி மலைப்பாதையான கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த நூறு கிலோவையும் பிரேக்தான் தாங்கவேண்டும். 'கெட்டியாப் போடுங்க அண்ணே' என்று பட்டறையில் சொல்வதற்கு முன் இதை யோசியுங்கள். தரைக்குக் கெட்டி ஷீட் சரி. கூரைக்கும் மேல் அலமாரிக்கும் மெல்லியது போதும், உச்சியில் கனம் ஏறினால் வளைவில் வண்டி சாயும். தண்ணீர்த் தொட்டி கீழேயே இருக்கட்டும். கேபினைச் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) வெல்டு செய்யாதீர்கள். சேஸிஸ் முறுக்கும்போது வெல்டு விரிசல் விடும். போல்ட்டும் ரப்பர் புஷ்ஷும்தான் முறை.

எவர்சில்வர் வாங்கும்போது 'காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304' (துருவை நன்றாகத் தாங்கும் கிரேடு) என்று நம்பிவிட வேண்டாம். துரு சீக்கிரம் பிடிக்கும் 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. பில்லில் கிரேடை எழுதி வாங்குங்கள்.

கேஸ் அடுப்பு வைத்தால் தரைமட்டத்தில் காற்றுத் துளை கட்டாயம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். குளிருக்குக் கரிக்கங்கை உள்ளே வைப்பது மட்டும் கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) விஷயம் சுருக்கமாக: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்சியில் உள்ள விவரங்களோடு ஒத்துப்போகாத மாற்றம் செய்யக்கூடாது. ஷீட் வெட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.