குண்டூசி குத்தினால் எச்.ஐ.வி. வருமா? பயத்தில் செய்யக் கூடாதவை

அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். ஒருநாள் காலை ஓர் இளைஞர் கட்டைவிரலை நீட்டியபடியே உள்ளே வந்தார். புதுச் சட்டையைப் பிரிக்கும்போது காலரில் செருகியிருந்த குண்டூசி குத்திவிட்டதாம். வந்தது ஒரு சொட்டு ரத்தம். அந்த ஊசி தனக்கு முன்னால் யாரைக் குத்தியதோ என்ற நினைப்பில் பதினோரு நாளாக அவருக்குத் தூக்கமில்லை. கைக்குழந்தையைத் தூக்கக்கூடப் பயந்து வாசல் திண்ணையில் படுத்திருக்கிறார். காயம் எப்போதோ மறைந்துவிட்டது. இடம் மறந்துபோகாமலிருக்கப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

ரத்தம் வந்தாலே ஆபத்து என்று நினைப்பதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். நம் ரத்தம் வெளியே வருவதால் கிருமி வந்துவிடாது. கிருமி உள்ள ஒருவரின் ரத்தம், காய்வதற்கு முன், நம் உடலுக்குள் போக வேண்டும். எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே பெருகாது. ரத்தம் காயக் காய வலுவிழந்துவிடும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், மீன் முள் ஆகியவற்றில் ரத்தம் தேங்கி நிற்க இடமே கிடையாது. கிருமி உள்ளவருக்குப் போட்ட ஊசி அந்தக் கணமே செவிலியர் கையில் குத்திவிட்டால்கூட, தடுப்பு மருந்து எடுக்காத நிலையில், ஆயிரத்தில் சுமார் 3 பேருக்குத்தான் தொற்றும். சட்டைக் குண்டூசி இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. இதைச் சொன்ன பிறகுதான் அந்த இளைஞர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

காயம் பட்டதும் விரலைப் பிதுக்கிப் பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றுகிறார்கள், வாயில் வைத்து உறிஞ்சுகிறார்கள், காபித்தூளை அப்புகிறார்கள். எதுவும் வேண்டாம். பிதுக்கினால் தசைதான் நசுங்கும். குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். துருப்பிடித்த ஆணி, தகரம் என்றால் ரண ஜன்னியைத் (டெட்டனஸ்) தடுக்கும் டி.டி. ஊசியைப் பற்றிக் கேளுங்கள். எச்.ஐ.வி.யை நினைத்து நடுங்குபவர்கள் ரண ஜன்னியை மறந்துவிடுகிறார்கள்.

சலூன் பிளேடு விஷயத்திலும் இதே கதைதான். புது பிளேடு போடச் சொல்வது மிகச் சரி. ஆனால் அங்கே அதிகம் அஞ்ச வேண்டியது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு. காய்ந்த ரத்தத்திலும் அது குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். வீட்டில் அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை என்று ஒரே லேன்செட்டால் மாற்றி மாற்றி விரலில் குத்திப் பார்ப்பதையும் இன்றே நிறுத்துங்கள். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம்.

குத்திய மறுநாளே பரிசோதனைக்கு ஓடுவதில் பயனில்லை. அன்றைய முடிவு உங்கள் பழைய நிலையைத்தான் சொல்லும். ஆபத்து உண்மையாகவே இருந்திருந்தால், இங்கே செய்யும் பரிசோதனையில் உறுதியான பதில் கிடைக்க மூன்று மாதம் ஆகும். மூன்று மாதம் கழித்தும் தொற்று இல்லை என்று வந்த பிறகு வேறு வேறு லேப்களில் மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது இன்னொரு ரத்தப் பரிசோதனை அல்ல, மனநல மருத்துவர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விரலைக் காட்டி வருபவர்களில் சிலர் மனதில் இருப்பது விரல் அல்ல. அரைமணி நேரம் பேசிய பிறகுதான், ஆணுறை இல்லாமல் நடந்த ஓர் இரவைப் பற்றித் தலைகுனிந்தபடி சொல்வார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் யாரையும் எடைபோடுவதில்லை. நீங்கள் சொன்னதை வெளியே சொல்ல 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமும் எங்களை அனுமதிப்பதில்லை. ஆபத்து உண்மையாக இருந்தால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டிய தடுப்பு மருந்து இருக்கிறது. முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. தெரிந்தவர் கொடுத்தார் என்று மாத்திரையை நீங்களாக விழுங்கக் கூடாது. மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

அந்த இளைஞர் வந்த அதே வாரத்தில் துப்புரவுப் பணி செய்யும் அம்மா ஒருவரும் வந்தார். மருத்துவக் கழிவுப் பையைத் தூக்கும்போது, உள்ளே ரத்தம் தேங்கியிருந்த சிரிஞ்ச் உள்ளங்கையில் ஆழமாகக் குத்தியிருந்தது. அவர் வந்தது ஐந்தாம் நாள். "வேலைய விட்டுட்டு எப்படிப்பா வர்றது?" என்று கேட்டார். ஓடி வந்திருக்க வேண்டியவர் அவர்தான். தடுப்பு மருந்துக்கான நேரம் கடந்துவிட்டது. கழிவு அள்ளுபவர்கள், லேப் ஊழியர்கள் வீட்டில் இருந்தால் அந்த 72 மணி நேரத்தைச் சொல்லி வையுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

மூன்று மாதப் பரிசோதனையில் அந்த அம்மாவுக்குத் தொற்று இல்லை என்று வந்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றாவது தவணை இன்னும் பாக்கி. தேதியை அவருடைய கைப்பேசியில் நானே குறித்துக் கொடுத்திருக்கிறேன்.